புரட்சியாளர் அம்பேத்கர்: வாழ்வும் நினைவிடமும்

நுழையும் முன்

ஒற்றை அறையில் குடும்பம் முழுவதும் வாழும் வீட்டில் ஒரு மாணவன் எவ்வாறு படிப்பான்? அனைவரும் உறங்கிய பின்னரா? அனைவரும் எழும் முன்னரா? நம் மும்பை மாநகரின் பரேல் பகுதியில் அத்தகைய அறையொன்றில் படித்த மாணவர் ஒருவர் பிற்காலத்தில் இந்திய அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவின் தலைவரானார். அவருடைய நினைவிடம் தாதரில், கடற்கரையை ஒட்டி அமைந்துள்ளது. அங்குச் செல்லும் முன் அவர்தம் வாழ்வை அறிந்துகொள்வோம்.

இளமைக் காலம்

பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இன்றைய மத்தியப் பிரதேச மாநிலத்திலுள்ள மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால்; தாய் பீமாபாய். பெற்றோருக்கு இவர் பதினான்காவது பிள்ளை. குடும்பத்தின் பூர்விகம் மராட்டியத்தின் கொங்கணக் கரையில் இரத்தினகிரி மாவட்டமாகும். தந்தை ஆங்கிலேயரின் இந்தியப் படையில் சுபேதாராக விளங்கியவர். படைப்பள்ளியில் ஆசிரியராகவும் பணியாற்றியவர். ஆயினும், மகார் என்னும் சமூகத்தில் பிறந்த ஒரே காரணத்தால் அக்குடும்பத்தைப் பிறர் தீண்டத்தகாதவராகக் கருதினர்.

தந்தை ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் குடும்பம் சதாராவுக்குக் குடிபெயர்ந்தது. அங்குத் தாயார் மறைந்தார். அத்தை குழந்தைகளை வளர்த்தார். பள்ளியில் பீமராவ் மற்ற மாணவரோடு சேர்ந்து அமர இயலவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியைத் தனியே ஓரத்தில் விரித்து அமர்ந்தார். நீர்வேட்கை எடுத்தால் குழாயைத் தாமே திறக்கக் கூடாது. பள்ளியின் ஏவலர் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலர் வராத நாளில் நீரும் கிடையாது.

மசூர் நிலையத்து நிகழ்ச்சி

1901ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை அம்பேத்கர் தம் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பஞ்சத்தால் வாடிய மக்களுக்கு வேலை தருவதற்காக அன்றைய பம்பாய் அரசு கோரேகாவ் என்னும் ஊரில் குளம் வெட்டும் பணியைத் தொடங்கியிருந்தது. தந்தை அங்குக் காசாளராக இருந்தார். கோடை விடுமுறையில் அவரைக் காணப் பீமராவும் அவர்தம் அண்ணனும் உறவுச் சிறுவரும் சதாராவிலிருந்து புறப்பட்டனர். புத்தாடை அணிந்து தொடர்வண்டியில் ஏறி, மசூர் என்னும் நிலையத்தில் இறங்கினர். அவர்கள் வரும் செய்தி தந்தையைச் சென்றடையவில்லை. ஆதலால் அழைத்துச் செல்ல யாரும் வரவில்லை.

நிலைய அலுவலர் முதலில் அன்போடு வினவினார். சிறுவர்களின் சமூகம் இன்னதென்று அறிந்ததும் அவருடைய முகம் மாறியது. வண்டிக்காரர் எவரும் அவர்களை ஏற்றிச் செல்ல முன்வரவில்லை. இறுதியில் ஒருவர் மட்டும் இருமடங்கு கூலிக்கு இசைந்தார். அதிலும் ஒரு நிபந்தனை விதித்தார்: மாட்டு வண்டியைச் சிறுவர்களே ஓட்ட வேண்டும்; தாம் அருகில் நடந்து வருவார். தீட்டுப்பட்டுவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம்.

இரவாயிற்று. சிறுவர்களிடம் உணவு இருந்தது, நீர் இல்லை. வழியிலிருந்த சுங்கச்சாவடியில் கேட்டும் நீர் கிடைக்கவில்லை. நீரின்றி உணவு உண்ண இயலாமையால் பசியோடு உறங்கினர். மறுநாள் முற்பகலில்தான் தந்தையின் இருப்பிடத்தை அடைந்தனர். ஊருக்கெல்லாம் நீர் தரும் குளத்துக்குக் கணக்கெழுதியவர் தந்தை. அவர் பெற்ற மக்களுக்கோ அன்றிரவு ஒரு குவளை நீர் கிடைக்கவில்லை. அப்போது பீமராவுக்கு ஏறத்தாழ பத்து வயது.

பரேலில் ஓர் அறை

அதன்பின் குடும்பம் பிழைப்பையும் கல்வியையும் நாடிப் பம்பாய்க்கு வந்தது. ஆலைத் தொழிலாளர் நிறைந்த பரேல் பகுதியில் சால் எனப்படும் அடுக்குக் குடியிருப்பில் ஓர் அறையில் தங்கியது. அந்த அறையே சமையலறை, அதுவே படுக்கையறை, அதுவே படிப்பறை. தந்தை ராம்ஜி ஒரு வழி கண்டார். மகன் முன்னிரவில் உறங்குவான். இரவு இரண்டு மணிக்குத் தந்தை அவனை எழுப்பிவிட்டுத் தாம் உறங்கச் செல்வார். மகன் எண்ணெய் விளக்கின் ஒளியில் விடியும் வரை படிப்பான்.

மகன் விரும்பிய நூல்களை வாங்க ஓய்வூதியம் போதாதபோது, திருமணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் நகையை இரவலாகப் பெற்று அடகு வைத்தும் தந்தை நூல் வாங்கித் தந்தார். பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். சமற்கிருதம் பயில விரும்பினார். ஆனால், அவர் பிறந்த சமூகத்தைக் காட்டி அது மறுக்கப்பட்டமையால் பாரசீக மொழியைப் பயின்றார். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார். அவ்வெற்றியைப் பாராட்டி நடந்த கூட்டத்தில் ஆசிரியரும் எழுத்தாளருமாகிய கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலைப் பரிசாக அளித்தார். அந்நூல் விதைத்த விதை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் மரமாயிற்று.

கடல் கடந்த கல்வி

எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். 1913இல் தந்தை மறைந்தார். அவ்வாண்டே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையால் அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கு நண்பரோடு ஒன்றாக அமர்ந்து உண்டார், ஒரே குழாயில் நீர் அருந்தினார், யாரும் தடுக்கவில்லை. பின்னர் 1916இல் இலண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார்.

உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917இல் தாயகம் திரும்ப நேர்ந்தது. அது முதல் உலகப்போர்க் காலம். அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. அரும்பாடுபட்டுச் சேர்த்த நூல்கள் கடலுக்கு இரையாயின.

ஒப்பந்தப்படி பரோடா அரசில் உயர் பணியில் அமர்ந்தார். மேலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்ற அவருக்கு அந்நகரில் வாடகைக்கு வீடு கொடுப்பார் இல்லை. பார்சி சமூகத்தாரின் விடுதியொன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் கையில் தடியேந்திய சிலர் வந்து அவரை வெளியேறச் சொல்லினர். தங்க இடமின்றிப் பொதுப் பூங்காவொன்றில் அமர்ந்திருந்து, இரவு வண்டியில் பம்பாய் திரும்பினார்.

இந்நிகழ்ச்சி அவருக்கு ஓர் உண்மையை உணர்த்தியது. கல்வி ஒருவரை உயர்த்தும். ஆயினும் ஒருவர் மட்டும் உயர்ந்தால் சமூகம் மாறிவிடாது. சட்டமும் மக்களின் மனமும் மாற வேண்டும். அதற்கு உழைப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டார்.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். 1920 சனவரியில், பேச இயலாதோரின் தலைவன் எனப் பொருள்படும் மூக்நாயக் என்னும் மராத்தி இதழைத் தொடங்கினார். அவ்வாண்டே ஈட்டிய பொருளோடு மீண்டும் இலண்டன் சென்றார். குறைவாக உண்டு, நூலகம் திறக்கும் நேரத்தில் நுழைந்து மூடும் நேரத்தில் வெளியேறும் மாணவராக வாழ்ந்தார். இந்திய ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் அறிவியல் முதுமுனைவர் பட்டம் பெற்றார். வழக்குரைஞர் தகுதியும் பெற்றுத் திரும்பினார்.

மகாத் குளம்

1923இல் பம்பாய்ச் சட்டமன்றம், பொதுப் பணத்தால் அமைந்த குளம், கிணறு, பள்ளி முதலியவற்றை அனைவருக்கும் திறந்துவிட வேண்டும் எனத் தீர்மானம் இயற்றியது. கொங்கணப் பகுதியிலுள்ள மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் உரியதாக அறிவித்தது. தீர்மானம் தாளில் இருந்தது. குளத்தின் கரையில் பழைய வழக்கமே நீடித்தது. ஆடும் மாடும் அருந்திய நீரை மனிதருள் ஒரு பகுதியினர் தொடக் கூடாது என்றனர்.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள், மாநாட்டுக்கு வந்திருந்த ஆயிரக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் அணிவகுத்துச் சென்றார். குளத்தில் இறங்கிக் கையால் நீரை அள்ளி அருந்தினார், மக்களும் அருந்தினர். மசூர் நிலையத்தில் நீரின்றித் தவித்த சிறுவன், இப்பொழுது தனக்காக மட்டுமன்றித் தன் மக்கள் அனைவருக்காகவும் நீர் அருந்தினான் எனலாம்.

அன்று மாலையே எதிர்ப்பாளர்கள் தடிகளோடு வந்து, ஊர் திரும்பிக்கொண்டிருந்த மக்களைத் தாக்கினர். எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் திருப்பித் தாக்க வேண்டா என அம்பேத்கர் தம் மக்களை அமைதிப்படுத்தினார். எதிர்ப்பாளர்கள் சடங்கு செய்து குளத்தைத் தூய்மைப்படுத்தியதாக அறிவித்தனர், வழக்கும் தொடுத்தனர். வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம், குளத்தில் நீர் எடுக்கும் உரிமை அனைவருக்கும் உண்டு என்பதை உறுதிசெய்தது.

தலைவரும் தமிழரும்

1930இல் நாசிக் நகரின் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டத்தை அம்பேத்கர் தொடங்கினார். அவ்வாண்டு முதல் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் ஒடுக்கப்பட்ட மக்களின் பேராளராகக் கலந்துகொண்டார். முதல் இரு மாநாடுகளிலும் அவரோடு அமர்ந்து அதே மக்களுக்காக வாதிட்டவர் தமிழகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன் ஆவார். 1932 செப்டம்பர் 24ஆம் நாள் காந்தியடிகள் தரப்பினரோடு ஏற்பட்ட பூனா உடன்படிக்கையின்படி, சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன.

1942 முதல் 1946 வரை ஆளுநர் தலைவரின் அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பை வகித்தார். ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கும் சட்டத்திருத்தம் அக்காலத்தில் முன்வைக்கப்பட்டு 1946இல் நிறைவேறியது. பரேலில் ஆலைத் தொழிலாளரிடையே வாழ்ந்தவர் அவர்களின் களைப்பை அறியாதவர் அல்லர்.

அரசமைப்புச் சட்டம்

நாடு விடுதலை பெற்றபின் அம்பேத்கர் முதல் சட்ட அமைச்சரானார். 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அமைக்கப்பட்ட எழுவர் கொண்ட வரைவுக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், பின்னர்ச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஆகிய தமிழர் மூவரும் அக்குழுவில் இடம்பெற்றனர். உறுப்பினர் சிலர் மறைந்தும் விலகியும் வெளியூரில் இருந்தும் போனமையால், பளுவின் பெரும்பகுதி நோயுற்றிருந்த அம்பேத்கரின் தோளிலேயே விழுந்தது. கிருஷ்ணமாச்சாரியே இதனை அவையில் எடுத்துரைத்துப் பாராட்டினார்.

1949 நவம்பர் 26ஆம் நாள் அரசமைப்புச் சட்டம் ஏற்கப்பட்டது. 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் உறுப்பு, சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடை, உணவகம், கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றை எவருக்கும் மறுக்கக் கூடாது என்றது. மசூர் சாலையும் மகாத் குளமும் அச்சட்டச் சொற்களின் பின்னே நிற்கின்றன.

மாணவர்களே, உங்களுக்கும் உரிய இரண்டு உறுப்புகள் அதில் உள்ளன. 19ஆம் உறுப்பு, இந்தியர் எவரும் நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கலாம் என்னும் உரிமையைத் தருகிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்த உங்கள் பாட்டனாரும் பெற்றோரும் மும்பையில் வாழ்வது எவருடைய தயவாலும் அன்று, அஃது உரிமை. 29ஆம் உறுப்பு, தமக்கெனத் தனி மொழி உடைய எப்பிரிவினரும் அம்மொழியைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது. மராத்தியும் இந்தியும் பேசும் நகரில் நீங்கள் தமிழ் பயில்வதும் அவ்வுரிமையின் பயனே.

பெண்களுக்குச் சொத்துரிமை முதலியவற்றை வழங்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேறாமல் தடைப்பட்டதால், 1951 செப்டம்பரில் அம்பேத்கர் அமைச்சர் பதவியைத் துறந்தார். பதவியைவிடக் கொள்கையே அவருக்குப் பெரிதாயிற்று. அம்மசோதாவின் பகுதிகள் 1955, 1956ஆம் ஆண்டுகளில் தனித்தனிச் சட்டங்களாயின.

இறுதிக் காலம்

1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். பரேல் மாணவராக அவர் பெற்ற பரிசு நூலை இங்கு நினைவுகூர்க. ஏழு வாரங்களுக்குப் பின், டிசம்பர் 6ஆம் நாள், தில்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் இல்லத்தில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். அவருடைய உடல் வானூர்தியில் பம்பாய் கொண்டுவரப்பட்டு, மறுநாள் தாதர் கடற்கரையில் எரியூட்டப்பட்டது. 1990இல் இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருதை வழங்கியது.

நினைவிடங்களைக் காண்போம்

தில்லியில் அவர் மறைந்த அலிப்பூர் சாலை மனையில் அம்பேத்கர் தேசிய நினைவகம் எழுப்பப்பட்டு, 2018 ஏப்ரல் 13ஆம் நாள் திறக்கப்பட்டது. அக்கட்டடம் திறந்து வைத்த நூலின் வடிவில் அமைந்துள்ளது. அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவருக்கு அவ்வடிவம் பொருத்தமானதே.

தில்லி தொலைவில் உள்ளது. தாதர் அருகில் உள்ளது. மான்குர்த் நிலையத்தில் துறைமுக வழித்தட வண்டியில் ஏறினால் கோவண்டி, செம்பூர், திலக் நகர் ஆகியவற்றைக் கடந்து குர்லாவை அடையலாம். அங்கு மத்திய வழித்தட வண்டிக்கு மாறினால் சயான், மாட்டுங்கா, அடுத்துத் தாதர். தாதரின் மேற்குப் பகுதியில் சிவாஜி பூங்காவை அடுத்துக் கடலோரம் இருப்பது சைத்திய பூமி. அம்பேத்கரின் உடல் எரியூட்டப்பட்ட இடம் இதுவே. சிறிய குவிமாடத்தோடு கூடிய தூபியாக எழுப்பப்பட்ட இந்நினைவிடம் 1971 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்டது. நுழைவாயில் சாஞ்சித் தோரணவாயிலைப் போன்றது. உள்ளே அசோகர் தூணின் மாதிரியையும் காணலாம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 6ஆம் நாளில் இலட்சக்கணக்கான மக்கள் இங்கு வருகின்றனர். ஊரிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்து சிவாஜி பூங்காவில் தங்குவோர் பலர். அவர்கள் திரும்பும்போது நூல்களை வாங்கிச் செல்கின்றனர். பூங்காவைச் சுற்றி அந்நாளில் வரிசையாகப் புத்தகக் கடைகள் இருக்கும். நினைவிடத்துக்கு வந்தவர் நூலோடு திரும்புவது, தம் நூல்களைக் கடலில் இழந்தும் மீண்டும் மீண்டும் சேர்த்த ஒருவருக்குச் செய்யும் தக்க மரியாதை அன்றோ?

தாதரின் கிழக்குப் பகுதியில் இந்து காலனியில் அவர்தம் இல்லமாகிய இராஜகிருகம் உள்ளது. பண்டைய மகதத் தலைநகரின் பெயரைத் தாங்கிய அவ்வில்லத்தை 1930களின் தொடக்கத்தில் அவர் கட்டினார். நூல்களை வைப்பதற்கெனவே அதில் பேரளவு இடம் ஒதுக்கினார். தரைத்தளம் இன்று அருங்காட்சியகமாகத் திகழ்கிறது. ஓர் அறையில் முறை வைத்து உறங்கிப் படித்த மாணவர், பின்னாளில் நூல்களுக்கென ஒரு மாளிகை அமைத்தார்.

சொல்லும் பொருளும்

பூர்விகம் – முன்னோர் வாழ்ந்த இடம்
நீர்வேட்கை – தாகம்
ஏவலர் – பணியாள்
இசைந்தார் – ஒப்புக்கொண்டார்
பேராளர் – பிரதிநிதி
தூபி – புத்த சமயத்தாரின் குவிந்த வடிவ நினைவுச்சின்னம்
பளு – சுமை

பயிற்சிகள்

அ. பிரித்து எழுதுக.
1. நினைவிடம்
2. பொதுக்குளம்
3. நூலகம்
4. படுக்கையறை

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. மசூர் நிலையத்துக்குச் சிறுவர்களை அழைத்துச் செல்ல யாரும் வராதது ஏன்?
2. பரேல் அறையில் தந்தையும் மகனும் எவ்வாறு முறை வைத்து உறங்கினர்?
3. வரைவுக்குழுவில் இடம்பெற்ற தமிழர் யாவர்?
4. அம்பேத்கர் 1951இல் பதவி துறந்ததற்குக் காரணம் யாது?

இ. சிந்தித்து எழுதுக.
1. சட்டமன்றத் தீர்மானம் இருந்தும் மகாத் மக்கள் குளத்துக்கு அணிவகுத்துச் செல்ல வேண்டியிருந்தது ஏன்?
2. தாக்கப்பட்டபோது திருப்பித் தாக்க வேண்டா என்று அம்பேத்கர் தடுத்தது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. செயல்திட்டம்
உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எந்த வேலைக்காக மும்பை வந்தது என்பதைத் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டறிக. தொடக்கத்தில் அவர்கள் எங்குத் தங்கினர்? குடிநீர் எங்கிருந்து கொண்டுவந்தனர்? கேட்டவற்றைப் பத்துத் தொடர்களில் தமிழில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.